மருது நின்ற நிலத்துக்கு நான் வைத்த கையெழுத்து

1. ஆறு பக்கம் ஒரு பக்கமானது

காணிக் கந்தோரில், அதாவது காணி அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். பதவிப் பெயர் குடியேற்ற உத்தியோகத்தர். சனத்துக்கு அந்த நீளப் பெயர் வாயில் வராது, "காணி ஐயா" என்றுதான் கூப்பிடும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். பெருமையாகச் சொல்ல ஒன்றிரண்டு கதை எனக்கும் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் அவை வருவதில்லை. நான் வைத்த ஒரு கையெழுத்துத்தான் முன்னால் வந்து நிற்கிறது.

2004இல் சுனாமியாகக் கடல் வந்த மார்கழிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரைச் சனம் பள்ளிக்கூடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் கிடந்தது. கரையை அண்டி இனி வீடு கட்டக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. அப்படியானால் உள்ளே எங்காவது காணி பார்த்துக் கொடுக்கவேண்டும். காணி பார்ப்பது என் வேலை.

பழைய முறைப்படி அது லேசான வேலையல்ல. படிவம் ஆறு பக்கம். காடு வெட்ட முன்னர் உத்தியோகத்தர் காட்டுக்குள் நடந்து என்ன என்ன மரம் நிற்கிறது என்று எழுதவேண்டும். ஆள் உயரத்துக்குக் கிடங்கு வெட்டி ஊற்றுப் பார்க்கவேண்டும். கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை போகவேண்டும். அயலில் பயிர் செய்யும் கமக்காரரின் அமைப்பிடம் வாய்மொழி கேட்டுப் பதியவேண்டும். அதற்குப் பிறகு வன இலாகா, நீர்ப்பாசனம் என்று ஒவ்வொரு கந்தோராகக் கடிதம் அலையும். கோப்பைக் கொண்டுபோன பியோன் பென்சனில் போன பிறகுதான் கோப்புத் திரும்பி வரும் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

தை மாதக் கடைசியில் எங்கள் ஏ.ஜி.ஏ, உதவி அரசாங்க அதிபர், கூட்டம் வைத்தா. கெட்டிக்காரி, இரக்கமான மனுசி. அன்று காலைதான் கொட்டில்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தா. கண் சிவந்திருந்தது.

"அடுத்த மாரிக்கு முன்னம் இந்தச் சனத்துக்குக் கூரை போடோணும். மேலிடத்திலையும் விதியளை இளக்கத் தயாரா இருக்கினம். இந்த ஆறு பக்கத்திலை எதை எதை விடலாம்? அனுபவக்காரர் நீங்கள் சொல்லுங்கோ."

முதல் ஆளாக எழும்பியது நான்தான். "மரம் எழுதிறதை விடலாம் மிஸ். மாரியிலை போய்ப் பாக்கிறதையும் விடலாம். கமக்காரரைக் கேக்கிறது சும்மா வேலை. அவை கூட்டம் கூடித் தேத்தண்ணி குடிச்சு முடியவே மூண்டு மாதம் செல்லும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஏ.ஜி.ஏயும் சிரித்தா. நான் சொன்னதெல்லாம் குறிப்பேட்டில் ஏறி, மேலே போய், இரண்டு மாதத்தில் ஒரு பக்கப் படிவமாகத் திரும்பி வந்தது. ஏழே ஏழு கேள்வி. எனக்கு அன்று நல்ல சந்தோசம். ஆப்பிழுத்த குரங்குக்கும் இழுக்கிற வரைக்கும் சந்தோசமாகத்தான் இருந்திருக்கும்.

2. டோசர் முந்திக்கொண்டது

படிவம் சுருங்கியதோடு வேலையின் ஒழுங்கும் மாறியது. முன்பு நாங்கள் பார்த்த பிறகுதான் காடு வெட்டுவார்கள். இப்போது நாளை மிச்சப்படுத்த டோசர் முதலில் போனது, நாங்கள் பின்னால் போனோம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். வன்னியில் காணி பார்க்கிறவனுக்கு மரம்தான் கண். பாலை, வீரை மரங்கள் நின்றால் மேட்டு நிலம், பயமில்லாமல் வீடு கட்டலாம். மருது நின்றால் தண்ணீர் வந்து போகிற நிலம். கோடையில் அது காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் மருது பொய் சொல்லாது. மரத்தைத் தள்ளிவிட்டால் எல்லா நிலமும் ஒரே வெளிதான்.

ஆனி மாதம், நல்ல வெயில். கரையிலிருந்து ஆறேழு மைல் உள்ளே, ஒரு குளத்துக்குக் கீழே அந்த வெளி கிடந்தது. சனத்தின் சார்பில் காணி பார்க்க மரியதாஸ் என்ற கடற்றொழிலாளி உழவு இயந்திரப் பெட்டியில் எங்களோடு வந்தார். மனைவியையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர். மிஞ்சியது எட்டு வயது மகள் றூபா. அவள் தகப்பனின் சேர்ட்டைப் பிடித்தபடியே திரிவாள். கடற்கரைச் சனமெல்லாம் ஒரு மாரியின் மிச்சத்தைத் தறப்பாளுக்குள் கழித்துவிட்டது, இன்னொரு மாரியைக் கழிக்க ஏலாது என்பதுதான் அன்று எல்லாருக்கும் இருந்த ஒரே யோசனை.

"வடிவான வெளி ஐயா," என்றார் மரியதாஸ். டோசர் ஒதுக்கிக் குவித்திருந்த அடிமரங்களில் ஒன்றில் குந்தி பீடி பற்றவைத்தார். "இது என்ன மரம்? இவ்வளவு மொத்தம். கரையிலை நாங்கள் பனையும் தாழையும்தானே கண்டது."

"மருது," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது. வெளிறிய பட்டை, அழுத்தமான அடி. அந்தக் குவியலில் மட்டும் பதினொன்று எண்ணினேன். உடனே மனம் வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது: குளக்கட்டுப் பக்கம் நின்றதை இங்கே கொண்டுவந்து தள்ளியிருப்பார்கள், மண்ணைப் பார் எவ்வளவு காய்ந்து கிடக்கிறது, காணித் துண்டுகளுக்கு முளையும் அடித்தாயிற்று.

றூபா வாய் திறந்தாள். "ஐயா, இஞ்சை தண்ணி வருமோ?"

மரியதாஸ் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்குப் பிறகு பிள்ளை கிணத்தடிக்கும் வரமாட்டாள் ஐயா. கோப்பையிலை மொண்டு மொண்டு நான்தான் குளிக்க வாக்கிறன்."

"வராது பிள்ளை," என்றேன். "கடல் எங்கை, இது எங்கை?"

அவள் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் கேட்டாள். அது எனக்கு அப்போதே விளங்கியது.

உழவு இயந்திரத்தின் மூக்கில் படிவத்தை வைத்து நிரப்பினேன். ஐந்தாவது கேள்வி: வெள்ளம் நிற்கும் நிலமா? ஆம் என்றால் எல்லாம் பழைய ஆறு பக்கப் பாதைக்குத் திரும்பும், சனம் இன்னொரு மாரி தறப்பாளில். "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த கிழமை மரியதாஸ் கந்தோருக்கு வந்தார். புதுக்காணி வேண்டுமென்றால் கரைக்காணியை விட்டுக்கொடுத்து, இனி உரிமை கேட்கமாட்டேன் என்று ஒப்பம் வைக்கவேண்டும். தகப்பன் வழி வந்த காணி உறுதிப் பத்திரத்தை ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உறவுக்காரர் வீட்டு அலுமாரியில் இருந்ததால் தப்பிய உறுதி.

"வாசிச்சுப் பாருங்கோ, யோசிச்சு வையுங்கோ," என்றேன்.

"என்னத்தை யோசிக்கிறது? நீங்கள் பாத்த நிலம்தானே," என்று சொல்லி ஒப்பம் வைத்தார். உறுதியை நான் வாங்கிக் கோப்பில் போட்டேன்.

3. வான் பாய்ந்த நாள்

ஐப்பசிக்கு முன்னர் அரைச்சுவர் வைத்து மேலே தகரம் போட்ட வீடுகள் எழும்பிவிட்டன. சனம் குடிபுகுந்தது. ஏ.ஜி.ஏ பால் காய்ச்சினா. "சிவஞானம் அண்ணை, உங்களாலைதான் நேரத்துக்கு முடிஞ்சது," என்று என்னை முன்னால் கூப்பிட்டுச் சொன்னா. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலை குளம் வான் பாய்ந்தது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற வாசலைத்தான் வான் என்போம். வழிந்த தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிக்கொண்டு வந்து நேரே வீட்டுத் திட்டத்துக்குள் இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். தொடையளவு தண்ணீர், சட்டியும் செருப்பும் மிதந்தன. சனத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் பக்கத்து ஊர்க் கமக்காரர் அமைப்பின் செயலாளர் வேலாயுதம். மலைநாட்டிலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர். என்னைக் கண்டதும் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"என்னாங்கய்யா இது? இந்த வெளியில நாங்க மாட்டுப்பட்டி கூட அடைக்கமாட்டோம். நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வந்தாலும் தண்ணி இந்த வழியாத்தான் வரும். எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

தேத்தண்ணிப் பகிடி ஞாபகம் வந்தது.

மரியதாஸின் வீட்டுக்குள் போனேன். உதவியாகக் கொடுத்த அலுமாரி ஒன்று மூலையில் நின்றது. றூபா அதன் மேல் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தகரத்தில் தலை முட்ட இருந்தாள். தகப்பன் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் கெஞ்சினார். அவள் இறங்கவில்லை. அழவுமில்லை. நான் வந்ததும் என்னையே பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மரியதாஸ் திரும்பினார். குரல் உயரவில்லை. "மருது நிண்டா தண்ணி வாற இடமாம். வேலாயுதம் அண்ணை இப்பதான் சொன்னவர். அண்டைக்கு அது மருது எண்டு எனக்குச் சொன்னது நீங்கள்தானே ஐயா."

"ஓம்," என்றேன்.

"கடல் வரேக்கை ஒருத்தருக்கும் தெரியாது. அதாலை கடலோடை எனக்குக் கோவமில்லை. இது உங்களுக்குத் தெரிஞ்ச தண்ணி."

திட்டியிருக்கலாம். நாலு அடி அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

4. இரண்டாவது பொய்

வெள்ளம் வடிந்த பிறகும் றூபா அந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. மரியதாஸ் அவளைக் கூட்டிக்கொண்டு கரைக்கே திரும்பி, பழைய அத்திவாரத்தின் மேல் கிடுகுக் கொட்டில் போட்டார். எந்தக் கடல் எல்லாவற்றையும் கொண்டுபோனதோ அதற்குப் பக்கத்தில்தான் அந்தப் பிள்ளைக்கு நித்திரை வந்தது. ஆனால் சட்டப்படி அது இப்போது அவரது காணியல்ல. உறுதியை வாங்கிக் கோப்பில் போட்டவன் நான்.

அங்கிருந்து எழும்பச் சொல்லும் அறிவித்தலை நேரில் கொடுப்பதும் காணி உத்தியோகத்தரின் வேலைதான். கொண்டுபோனேன். மரியதாஸ் வலை பொத்திக்கொண்டிருந்தார். தாளைக் கண்டதும் எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தார்.

"எவடத்திலை ஒப்பம் வைக்கிறது ஐயா?"

அவர் நையாண்டியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தாளை மடித்துச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். கந்தோரில் அறிக்கை எழுதினேன்: "மூன்று தடவை சென்றும் ஆள் இல்லை." நான் தாளில் எழுதிய இரண்டு பொய்களில் இதை இன்றைக்குக் கேட்டாலும் எழுதுவேன்.

ஏ.ஜி.ஏ அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. "ஆள் இல்லையோ?"

"இல்லை மிஸ்."

மருதுக் கதையையும் அப்போதுதான் முழுக்கச் சொன்னேன். அவா கனநேரம் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தா. "அஞ்சாம் கேள்விக்கு ஆம் எண்டு எழுதியிருந்தா நான் உங்களோடை சண்டைதான் பிடிச்சிருப்பன்," என்றா. பிறகு அறிக்கையைக் கோப்பில் வைத்துக் கட்டினா.

5. புதுப் பிள்ளைகளுக்கு

படிவத்தைச் சுருக்கியது பிழை என்று நான் சொல்லமாட்டேன். தறப்பாளுக்குள் கிடக்கும் சனத்துக்கு ஆறு பக்கம் கொடுமைதான். நான் விட்ட பிழை, எதை விடலாம் என்று கேட்டபோது எனக்குச் சிரமமானதை விடச் சொன்னது. கேள்வியைப் படிவத்திலிருந்து எடுக்கலாம். நிலத்தைக் காணும்போது அந்தக் கேள்வி உங்கள் வாயில் இருக்கவேண்டும். அயல் கமக்காரனோடு ஒரு தேத்தண்ணி குடிக்க அரை மணித்தியாலம் போதும்.

அதற்குப் பிறகு போர் திரும்ப வந்தது. கரையும் வீட்டுத் திட்டமும் கந்தோரும் கோப்பும் எல்லாம் போயின. மரியதாஸும் றூபாவும் எந்தப் பக்கம் போனார்கள், என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிறேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

2009இல் நானும் சனத்தோடு சனமாக வவுனியாப் பக்கம், காடு தள்ளித் துப்புரவாக்கிய ஒரு வெளியில், இடம்பெயர்ந்தோர் முகாமின் கூடாரத்தில் இருந்தேன். போன அன்றே கால் தானாக வெளியின் ஓரத்துக்கு நடந்தது. ஒதுக்கிக் குவித்த அடிமரங்கள் அரைவாசி எரிந்து கிடந்தன. குனிந்து பட்டையைத் தடவிப் பார்த்தேன். அதே வெளிறிய பட்டை.

பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண் கேட்டா: "என்ன ஐயா பாத்திட்டு வாறியள்? நல்ல காய்ஞ்ச இடம், என்ன? மழைக்கு இஞ்சை தண்ணி வராதுதானே?"

"வரும் பிள்ளை," என்றேன். "சாமானை மேலை கட்டுங்கோ. குழந்தையை நிலத்திலை கிடத்தாதேங்கோ."

அவாவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தப் பதிலை நாலு வருடத்துக்கு முன்னர் றூபாவுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.