காரமடைக் கொதிகலனும் இடம் மாறிய தீக்கதவும்

காரமடை அரங்கநாதர் கோயிலுக்குச் செல்லும் வழியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். என்னைப் போல ஆலைகளில் கொதிகலன் பார்க்கச் செல்பவர்களுக்காக எழுதியது இது. கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் திருச்சியிலிருந்து கிளம்பினேன். முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பத்திதான் காரணம். காரமடைக்கு அருகில் நூலுக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்று இருக்கிறது. அங்குள்ள கொதிகலனைச் சில ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்தவன் நான். பத்து நாட்களுக்கு முன் அதில் ஒரு குழாய் கிழிந்து, அதை இயக்கிவந்த வேலுச்சாமியின் வலது கை வெந்துவிட்டது. ‘வடிவமைப்பில் குறையில்லை, இயக்குபவர் நீர்மட்டத்தைக் கவனிக்கத் தவறியதே காரணம்’ என்று என் பெயரில், என் பட்டத்துடன், தட்டச்சு செய்தே அனுப்பியிருந்தார் ஆலை மேலாளர். கீழே ஒரு வரி: ‘நேர்ல வர வேண்டியதில்லீங்க சார், கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சாப் போதும்.’

வர வேண்டியதில்லை என்று யாரேனும் சொன்னால், அந்த இடத்துக்குக் கட்டாயம் போவது என் வழக்கம்.

பேருந்து 12.40க்குப் புறப்பட்டது. கரூர், காங்கேயம், பல்லடம் வழியாகச் சுமார் 210 கிலோமீட்டர். கட்டணம் 195 ரூபாய். சிங்காநல்லூரில் இறங்கியபோது மணி 6.05. திருச்சிப் பேருந்துகள் காந்திபுரம் வரை செல்வதில்லை. சிங்காநல்லூரிலிருந்து நகரப் பேருந்து பிடிக்க வேண்டும். மறுநாள் காலை மேட்டுப்பாளையம் ரயிலில் செல்வதாக இருந்தால் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அறை எடுத்துவிடுங்கள். நான் எடுத்த அறைக்கு 850 ரூபாய். படுக்கை விரிப்பு தூய்மை. வெந்நீர் காலை எட்டு மணி வரை மட்டும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கணபதிக்கு ஆட்டோவில் சென்று, அங்கே சோதனைக்கூடம் வைத்திருக்கும் நண்பரிடம் உலோகத் தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டேன். பிறகு 9.05 ரயில். மேட்டுப்பாளையம் வரை எங்கே இறங்கினாலும் பத்து ரூபாய்தான். இடது பக்கச் சன்னல் கிடைத்தால் துடியலூர் தாண்டியதும் மலை கூடவே வரும். அன்று எனக்கு மலையைப் பார்க்கும் மனநிலை இல்லை.

நேராக ஆலைக்குச் செல்லாமல் பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கினேன். என் வரைபடத்தைப் பார்த்து அந்தக் கொதிகலனைச் செய்த செல்வராஜின் பட்டறை நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். பட்டறைக்குள் போகும் முன், துறை சாராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம்.

நீர்க்குழாய்க் கொதிகலனில் நீர் குழாய்க்குள் இருக்கும். நெருப்பு வெளியே இருக்கும். குழாய்களை நெருக்கமாக நிறுத்தி, இடைவெளிகளில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தால், அதாவது வெல்டிங் செய்தால், அதுவே ஒரு சுவராகிறது. இந்தக் கொதிகலனில் அந்தச் சுவர் நீளவாக்கில் நடுவே நிற்கிறது. ஒருபுறம் விறகு எரியும் தீயறை. மறுபுறம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் குழாய்க்காடு. கிழக்குக் கோடியில் தீக்கதவு. மேற்குக் கோடியில் மட்டும் சுவரில் பட்டை வைக்காமல் விட்டிருந்தேன்; அதுதான் வாயுவின் வழி. கதவருகே எழும் தீ தீயறையின் முழு நீளத்தையும் கடந்து, எரிய வேண்டியது எரிந்து, சூடு ஓரளவு தணிந்த பிறகே அந்த வழியில் திரும்பிக் குழாய்க்காட்டுக்குள் நுழைய வேண்டும். எங்கே சுவர் எழுப்பக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் குழாய்ச்சுவர் வடிவமைப்பவனின் வேலையில் பாதி.

செல்வராஜுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார், திருச்சியில் மழை எப்படி என்று விசாரித்தார். அவர் செய்த பற்றவைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வரைபடத்திலிருந்து எதையாவது மாற்றினாரா என்று கேட்டேன்.

“சுவத்துல கை வெக்கலீங்க சார். கதவு மட்டுந்தான் மாறுச்சு. தீ போடறவன் கெழக்கப் பாத்து நிக்கோணும்னு வாஸ்துக்காரரு சொல்லிப்போட்டாருன்னு மில்லு மொதலாளி சொன்னாருங்க. சுவரெல்லாம் அப்பவே பத்தவெச்சு லாரில ஏத்தியாச்சு. அதனால கதவ மேக்க தள்ளி வெச்சுக் குடுத்தமுங்க.”

பக்கத்தில் பட்டை அறுத்துக்கொண்டிருந்த தொழிலாளி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “தெச சரியாப் போச்சு. கொழாதான் கிழிஞ்சு போச்சு.” செல்வராஜ் அவரை முறைத்தார்.

தேநீரைக் கீழே வைத்தேன். கதவு மேற்கே போய்விட்டது. வாயுவின் வழியும் மேற்கேதான் இருக்கிறது. அப்படியென்றால் தீ, கதவைத் தாண்டியதும் பக்கத்திலேயே திரும்பி, முழுச் சூட்டோடும் பறக்கும் சாம்பலோடும் குழாய்க்காட்டுக்குள் பாய்ந்திருக்கிறது. தீயறையின் எஞ்சிய நீளம் வெறும் இருட்டறை. இதை மாற்றும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்றேன். என் குரல் உயரவில்லை; உயர்ந்திருந்தால் பிறகு எனக்கு இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

“உங்களத்தானுங்க சார் கேட்டேன். போன்ல. கதவக் கடைசிக்குத் தள்ளுனா ஆகுமுங்களான்னு. ‘தாராளமா ஆகும்’னீங்க.”

நினைவு வந்தது. ஈரோடு நிலையத்தில் வண்டி மாறுவதற்காக நின்றிருந்தேன். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கிடையில் ஒரு கேள்வி, ஒரு பதில். கதவை மாற்றினால் சுவரையும் சேர்த்துத் திருப்புவார்கள் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். முப்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன், வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லாமல் பதில் சொல்லியிருக்கிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து காரமடை பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தில் இருபத்தைந்து நிமிடம். திருச்சியிலிருந்து அந்த மேலாளர் மீது ஒரு கோபத்தைக் கொண்டுவந்திருந்தேன். நல்ல கோபம், நியாயமான கோபம். அதன் ஒரு முனை என் பக்கம் திரும்பிவிட்டது. ஆனாலும் கோபம் குறையவில்லை. பங்கு போட்டால் குறைவதற்கு அது என்ன சொத்தா?

ஆலை, காரமடை பேருந்து நிறுத்தத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 100 ரூபாய். வாயிற்காவலர் அலுவலகத்தைக் காட்டினார். நான் கொதிகலன் அறைக்கு நடந்தேன். வெளியே விறகுக் குவியலின் ஓரமாக, கையில் கட்டுடன், என் வயதையொத்த ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் வேலுச்சாமி. இரண்டு மணிக்கு வந்து ஒரு காகிதத்தில் கையெழுத்திடச் சொல்லியிருந்தார்களாம்; முன்னதாகவே வந்துவிட்டார். என்ன காகிதம் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. மேலாளர் எனக்கு அனுப்பிய பத்தியை வைத்து ஊகித்தேன்: நீர்மட்டம் இறங்கியதைத் தாம் கவனிக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்ளும் காகிதம். அதில் கையெழுத்திட்டால் வேலை போவது மட்டுமல்ல, கொதிகலன் இயக்குவதற்கான தகுதிச் சான்றிதழும் போகும். பிறகு எந்த ஆலையிலும் தீயருகே அவரை நிற்க விடமாட்டார்கள்.

நான் யாரென்று சொல்லி, அன்று நடந்ததைக் கேட்டேன்.

“தண்ணி ஒருக்காலும் எறங்கலீங்க. கண்ணாடில பாதிக்கு மேல நின்னுச்சு. நெருப்புதானுங்க உள்ள நிக்கறதில்ல. வெறகப் போட்டதும் கதவுக்குப் பக்கத்துலயே திரும்பி ஓடிப்போயிருது. எழுதீட்டுத்தான் இருக்கறேன்.”

எழுதியிருந்தார். பதிவேட்டில் ஒவ்வொரு பணிநேரத்துக்கும் புகைபோக்கியின் சூடு, இருக்க வேண்டியதைவிட எழுபது, எண்பது டிகிரி கூடுதலாகக் குறிக்கப்பட்டிருந்தது. குறிப்புப் பத்தியில் வாரம் தவறாமல் ஒரே வரி: ‘தீ உள்ளே செல்லவில்லை. சுவர் ஓரக் குழாயில் சாம்பல் அடிக்கிறது.’ ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மேலாளரின் கையெழுத்து பச்சை மையில் இருந்தது.

ஆறிக் கிடந்த தீயறைக்குள் பிற்பகல் 12.15க்கு நுழைந்தேன். நீர் இல்லாமல் காய்ந்த கொதிகலன் அதைப் பல இடங்களில் காட்டும்: குழாய்கள் வளைந்திருக்கும், மேல் உருளையில் அவை சேரும் வாய்கள் கசிந்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. தீயறைக் குழாய்கள் நேராக நின்றன. கிழிந்தது, வாயு நுழையும் வழிக்கு நேர் எதிரே இருந்த குழாய்க்காட்டின் முதல் வரிசை. வாயுவைப் பார்த்த பக்கம் மட்டும் சாம்பல் உரசி உரசிக் கண்ணாடிபோல் மின்னியது. கருவியை வைத்தேன். நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றேகால். அதே குழாயின் மறுபக்கம் முழுசாக நான்கு. அடுத்தடுத்த ஆறு குழாய்களும் கிழிவதற்குக் காத்திருந்தன. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு, வேலுச்சாமியையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன்; அங்கே மேலாளரும் முதலாளியும் இருந்தார்கள். முதலாளி குமாரசாமி மிக மரியாதையான மனிதர். சாப்பிட்டீர்களா என்று மூன்று முறை கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்: “வேலுச்சாமி நல்லவன்தானுங்க. அன்னைக்கு ஏதோ கண்ணசந்துட்டான். நாம கேசு கீசுன்னு போகலீங்க சார். எழுதிக் குடுத்துட்டுப் போயிக்கட்டும்.” எனக்கு இரண்டு ‘ங்க’, வேலுச்சாமிக்கு ஒன்றுகூட இல்லை. வேலுச்சாமியோ அறைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதிவேட்டை மேசையில் விரித்து, பச்சை மையை மேலாளரிடம் காட்டினேன்.

“எழுதினவர் தூங்கலை. கையெழுத்துப் போட்டவர்தான் படிக்கலை.”

மேலாளர் பேனாவை மூடினார். பிறகு படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, தீ எந்த வழியில் சென்றிருக்க வேண்டும், எந்த வழியில் சென்றது என்று ஒரு தாளில் வரைந்து விளக்கினேன். குமாரசாமி கூர்மையானவர்; இரண்டாவது கோட்டிலேயே புரிந்துகொண்டார். “அப்ப இது ஆரு தப்புங்க?” என்றார்.

“கதவை மாத்தச் சொன்னது நீங்க. மாத்தினது செல்வராஜ். ஆகும்னு சொன்னது நான். இந்த மூணு பேர்ல வேலுச்சாமி இல்லை.”

அறிக்கையில் அப்படி எழுதினால் என் பெயரும் கெடுமே என்று உண்மையான அக்கறையுடன் கேட்டார். கெடட்டும் என்றேன். சுவருக்கும் கதவுக்குமான புதிய வரைபடத்தை நானே போட்டுத் தருவதாகவும், அந்த ஒப்புதல் காகிதம் வேலுச்சாமியின் கைக்கு வந்த பிறகே பென்சிலைத் தொடுவதாகவும் சொன்னேன். காகிதம் தம்மிடமே பத்திரமாக இருக்கும் என்றார். சரி, காத்திருக்கிறேன் என்றேன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். விற்பனை பற்றி, காய்ந்துபோன பாக்குத் தோப்பு பற்றி, அவர் மகளின் படிப்பு பற்றிப் பேசினோம். கடைசியில் மேலாளரைப் பார்த்துத் தலையசைத்தார். காகிதம் கைமாறியது. வேலுச்சாமி அதை இடது கையில் பிடித்து, முதல் முறையாகப் படித்தார். இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கதவு மீண்டும் கிழக்குக் கோடிக்கே போக வேண்டும் என்றேன். வாயுவின் வழியை மட்டும் கிழக்கே மாற்றலாம் என்றால், புகைபோக்கிக்குச் செல்லும் வாயிலும் அங்கேதான் இருக்கிறது. குழாய்க்காட்டைத் தொடாமலே சூடு வெளியேறிவிடும். குமாரசாமிக்கு வாஸ்து உறுத்தியது. சற்று யோசித்துவிட்டு, அன்று முதல் முறையாக வேலுச்சாமியிடம் நேராகப் பேசினார். மேற்கே பார்த்து நின்று தீ போட அவருக்குச் சம்மதமா என்று கேட்டார்.

“எந்தத் தெசையப் பாத்து நின்னாலும் என்ற கண்ணு தண்ணிக் கண்ணாடி மேலதானுங்க இருக்கோணும்.”

வரைபடத்தை மூன்று நாளில் அனுப்பினேன். கொதிகலன் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அறிக்கையும் சென்றுவிட்டது. மூன்று பெயர்களும் அதில் இருக்கின்றன, என்னுடையது முதலில். வேலுச்சாமி கை ஆறியதும் வேலைக்குத் திரும்பலாம் என்று ஆலை எழுத்தில் கொடுத்திருக்கிறது. திரும்புவாரா என்பது அவர் முடிவு.

இதே வழியில் செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். காரமடையிலிருந்து கோவைக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. ரயிலை நம்ப வேண்டாம், பகலில் இடைவெளி அதிகம். ஆலைகளில் நண்பகல் உணவை மறுக்காதீர்கள், ஆனால் கொதிகலனைப் பார்த்த பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட்டவன் கேள்வி கேட்பது கடினம். தடிமன் அளக்கும் கருவி, கைவிளக்கு, முழுக்கை பருத்திச் சட்டை ஆகியவற்றை நீங்களே கொண்டுசெல்லுங்கள். தொலைபேசியில் ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி வந்தால், அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு வரைபடத்தைக் கேளுங்கள். முதலாளியிடம் பேசும் முன் தீ போடுபவரிடம் பேசுங்கள்.

அவரை அறைக்குள் அழைத்தால் உட்காரவும் சொல்லுங்கள். அன்று அந்த அறையில் நான்கு நாற்காலிகள் இருந்தன. மூவர் உட்கார்ந்திருந்தோம். வெந்த கையுடன் ஒருவர் ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார் என்பது, அவருக்காக வாதாடி முடித்த எனக்கு, காரமடையில் பேருந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.