தொண்ணூற்றாறு முட்டையும் ஒரே ஒரு வாசலும்

சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பேர் கோழியம்மா. பத்தொன்பது வருஷமாக மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குகிறவள். ஆனால் வாயைத் திறந்தால் துணியைப் பற்றி ஒரு வார்த்தை வராது. முட்டை, சூடு, குஞ்சு, இதே பேச்சுதான். அதற்காக ஆளைக் குறைத்து எடை போட்டுவிடாதீர்கள். அந்தத் தெருவில் ரவுட்டருக்குள் கையை விட்டு, நினைத்ததைச் சாதித்துவிட்டு வந்த முதல் ஆள் அவள்தான்.

வீட்டுப் பின்னறையில் அவளுடைய குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது. கொத்தனாரான கணவர் பலகை அறுத்து அடித்துக் கொடுத்தது. உள்ளே பல்பு, சின்ன ஃபேன், வைஃபையில் சேருகிற தீப்பெட்டி அளவு சர்க்கியூட், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி. சூடு முப்பத்தேழரை டிகிரி, இருபத்தொரு நாள், அப்படி இப்படி அசையக் கூடாது. கணவர் பகலெல்லாம் சாரத்தில் நிற்பார். இவளுக்குக் காலை ஆறிலிருந்து இரண்டு வரை வேலை. சலவைக்கூடத்திலிருந்தே போனில் சூட்டைப் பார்க்க வேண்டும் என்று நெட் மாட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டாள்.

"ஃபயர்வால்னு ஒண்ணு இருக்குக்கா. வெளியிலேருந்து யாரையும் உள்ள விடாது, அதுதான் தொல்லை. அணைச்சு விட்டுட்டேன். இனி எல்லாமே ஓப்பன்" என்று சொல்லி, கொடுத்த டீயையும் குடித்துவிட்டு அவர் போய்விட்டார். பாஸ்வேர்டு கூடக் கடையிலிருந்து வந்தபோது இருந்த அதே பாஸ்வேர்டுதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் பதினோரு மணிக்குப் போனைப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. நாற்பத்து மூன்று! குறைத்தாள். கண்ணெதிரிலேயே மறுபடி ஏறியது. மறுபடி குறைத்தாள், மறுபடி ஏறியது. எங்கேயோ உட்கார்ந்திருந்த எவனோ ஒருவன் பெட்டியின் இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்து அதில் விளையாடிக்கொண்டிருந்தான், பாவி. வீட்டோடு இருக்கிற நாத்தனாரோ அன்றைக்குப் பார்த்துப் பல் பிடுங்கப் போயிருந்தாள். கோழியம்மா மூச்சிரைக்க ஓடி வந்து மூடியைத் திறந்தபோது தொண்ணூற்றாறு முட்டையும் பாழாகியிருந்தன. ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"கோழியே அடைகாத்திருந்தா இந்த வம்பு உண்டா அண்ணி?" என்றாள் நாத்தனார், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"முட்டையிட்ட கோழிக்குத்தான் வருத்தம் தெரியும். நீ போய் சீரியலைப் பாரு!"

அவளை நம்பி முட்டை கொடுத்தவள் பண்ணைக்காரம்மா. அந்தச் சாம்பல் நிறக் கோழிகள் வருஷத்தில் ஒரு பருவம்தான் முட்டையிடும், அடையிலும் உட்காராது. மிச்சமிருந்த இன்னொரு தொண்ணூற்றாறை எடுத்துக் கொடுத்தபோது பண்ணைக்காரம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. "இவ்வளவுதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா இந்த வருஷம் எனக்குக் குஞ்சே கிடையாது. நீயும் இனிமே என் வாசப்படி ஏறாதே."

கோழியம்மா முட்டையைப் பெட்டியில் வைக்கவில்லை. முதலில் ரவுட்டரைத் தூக்கிக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த எண்ணைப் போனில் அடித்ததும் ஒரு பக்கம் திறந்தது. பூராவும் இங்கிலீஷ். போனின் கேமராவைக் காட்டி மொழிபெயர்க்க வைத்து, புரியாத சொல்லையெல்லாம் சலவைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி, மூன்று சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினாள். சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை என்று கொத்தனார் முனகினார். முனகிவிட்டு அவரே அடுப்பைப் பற்ற வைத்தார்.

முதல் காரியமாக ஃபயர்வாலைப் போட்டாள். பாஸ்வேர்டை மாற்றினாள், அவள் ஆயுசுக்கும் யாரும் யூகிக்க முடியாததாக. அப்புறம்தான் போர்ட். போர்ட் என்றால் வாசல், அதற்கு ஓர் எண் உண்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் பெட்டிக்கு இரண்டு வாசல். ஒன்றில் சூட்டைப் பார்க்க மட்டும் முடியும், மற்றதில் மாற்றவும் முடியும். பார்க்கிற வாசலை மட்டும் வெளியே திறந்து, அங்கே வருகிறதையெல்லாம் ரவுட்டர் பெட்டிக்குக் கொடுத்திருந்த ஐந்தாம் நம்பருக்கு அனுப்பும்படி பதிந்தாள்.

"ரெண்டையும் திறந்துடுங்கக்கா, அங்கேருந்தே மாத்திக்கலாமே" என்றார் நெட்காரர் போனில்.

"நான் மாத்த முடியும்னா எவனும் மாத்துவான். மாத்துறதுக்கு வீட்டுல என் நாத்தனார் இருக்கா."

"நானா?" என்றாள் நாத்தனார்.

"நீதான். பல்லுதான் போயாச்சே, இனி எங்க போகப் போற?"

நான்காம் நாள்தான் முட்டைகள் பெட்டிக்குள் போயின. அதிலிருந்து பதினேழு நாள் எல்லாம் சரியாகப் போனது. பதினெட்டாம் நாள் காலையில் கரண்ட் போய் வந்தது. சலவைக்கூடத்தில் போனைத் திறந்தால் பக்கமே வரவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"பெட்டில முப்பத்தேழு புள்ளி அஞ்சுன்னுதான் எரியுது அண்ணி. நல்லாத்தான் இருக்கு."

பிறகு ஏன் தெரியவில்லை? இன்றைக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசி மூன்று நாளில் கோளாறு வந்தால் யார் பார்ப்பது? நெட்காரரைக் கேட்டாள். "ஃபயர்வால்தான் அடைக்குது. அணைங்கக்கா, ரெண்டே நிமிஷ வேலை" என்றார். விரல் பரபரத்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனாலும் சூடு கண்ட பூனை அல்லவா? "செத்தாலும் மாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

உலர்த்தும் இயந்திரத்தின் மேல் நோட்டை விரித்து யோசித்தாள். நேற்று வரை வந்தது, கரண்ட் போனது, இப்போது இல்லை. மறுபடி நாத்தனாரைக் கூப்பிட்டு, ரவுட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, வீட்டில் எந்தெந்தச் சாமானுக்கு என்ன நம்பர் என்று ஒவ்வொன்றாக வாசிக்க வைத்தாள்.

"அஞ்சு... டிவி."

"டிவியா? அஞ்சு நம்ம பெட்டியோட நம்பராச்சே!"

"பெட்டி ஒம்போதுல இருக்கு அண்ணி."

கரண்ட் வந்ததும் ரவுட்டர் நம்பர்களைப் புதிதாகப் பங்கு போட்டிருக்கிறது. காலை சீரியலுக்காக நாத்தனார் டிவியைப் போட, அது முந்திக்கொண்டு ஐந்தை வாங்கிவிட்டது. வெளியிலிருந்து கோழியம்மா தட்டிய தட்டெல்லாம் டிவிக்குப் போயிருக்கிறது! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டிவியை அணைக்கச் சொன்னாள். பிறகு ஐந்தாம் நம்பர் எப்போதும் பெட்டிக்கே என்று ரவுட்டரில் பதிய, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நாத்தனார் தட்டினாள். சீரியலை நடுவில் நிறுத்திவிட்டு!

ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதும் போனில் எண் வந்து நின்றது. முப்பத்தேழு புள்ளி ஐந்து.

இருபத்தொன்றாம் நாள் பத்து மணிக்கு நாத்தனாரே கூப்பிட்டாள். போனைப் பெட்டியோரம் பிடித்தாள். "அண்ணி, கேளுங்க."

இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கோழியம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். என்ன ஏது என்று கேட்காமல் கூட இருந்தவர்கள் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அத்தனை பெரிய கூடத்தில் கீச் கீச்சென்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. கோழியம்மா மடித்த விரிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அப்புறம் அதைத் திரும்பவும் துவைக்கப் போட்டாள். பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

எண்பத்தெட்டு குஞ்சுகள். "எம் பொண்டாட்டி ஒத்தை ஆளா பண்ணினா!" என்று கொத்தனார் சாரத்தின் உச்சியில் நின்று கத்தியது கீழே மண் குழைத்தவர்கள் வரை கேட்டதாம்.

பண்ணைக்காரம்மா வந்து ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். கூடையை மூடியவள் கிளம்பாமல் தயங்கி நின்றாள்.

"என் பண்ணைல ஆறு கேமரா இருக்கு. உனக்குப் போட்ட அதே ஆளுதான் போட்டுக் குடுத்தாரு. எல்லாம் ஓப்பன்னு சொன்னாரு." கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நீ ஒரு நடை வந்து பாக்குறியா?"

கோழியம்மா நோட்டைத் தேடினாள். அதற்குள் நாத்தனார் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டாள்.

"நானும் வரேன் அண்ணி. நம்பர் பதியுறது என் வேலை."