சூசன் பெயரில் ஒரு சூப்பர்நோவா

மலேசியாவில், மேரு என்ற ஊரில், ஒரு கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷமாகத் தரம் பார்ப்பவர் கிரிகரி. ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போட்டுவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். தான் பார்க்காத பெட்டிக்கு ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, அவர் மனைவி சூசன் கிளாங் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த நாலாம் நாள் கிரிகரி வேலைக்குப் போனார். சாப்பிட்டார், சட்டை தேய்த்தார், ஞாயிறு பூசைக்குப் போனார். "தைரியசாலி" என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மரத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்குமோ, அப்படி. வங்கியிலும் மற்ற இடங்களிலும் 'அம்மா இறந்துட்டாங்க' என்று சொன்னதெல்லாம் செமினியில் இருக்கும் மகள் ஜோஆன்தான். கிரிகரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை.

ஜோஆன் மூட மறந்த கணக்கு ஒன்றே ஒன்று. பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த சூசன், ஓய்வு பெற்றபின் ஓர் ஆராய்ச்சிக் குழுவின் இணையதளத்தில் தொண்டராகச் சேர்ந்திருந்தாள். வேலை இதுதான்: தொலைநோக்கி எடுத்த புதுப் படத்திலிருந்து அதே இடத்தின் பழைய படத்தைக் கழிப்பார்கள். கழித்தபிறகும் ஒரு புள்ளி மிஞ்சி நின்றால், அது வெடித்த விண்மீனா, கருவிக் கோளாறா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கோளாறுதான். ஆனால் முதல் சில நாளுக்குள் பிடித்துவிட்டால், அந்த விண்மீன் சாகுமுன் எதையெல்லாம் உதிர்த்தது என்று ஒளியைப் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடலாமாம். நாள் கடந்தால் எல்லாம் வெடிப்பின் மிச்சத்தோடு கலந்துவிடும்.

தினமும் காலையில் "வணக்கம் சூசன், இன்றைய படங்கள் தயார்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அவளை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது உலகத்தில் அது ஒன்றுதான். திறக்காமல் விட கிரிகரிக்கு மனம் வரவில்லை. அவள் கணக்கிலேயே உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கினார். ஓட்டை பார்த்துப் பழகிய கண், கேட்கவா வேண்டும்?

ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஒரு புள்ளிக்கு 'நிஜம்' என்று குறித்தார். மே மாதம் கோலாலம்பூரிலிருந்து விஷ்ணுப்ரியா என்ற ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். "அன்புள்ள திருமதி சூசன், நீங்கள் பார்த்தது சூப்பர்நோவாதான். வெடித்தது எட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னால். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர்ந்த இரண்டாம் நாளே பிடித்துவிட்டீர்கள். கட்டுரையில் போட உங்கள் முழுப் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் உறுதிப்படுத்துங்கள்."

கிரிகரி மகளைக் கூப்பிட்டார்.

"அம்மா பேரையே போட்ருங்கப்பா. யாருக்கு லா தெரியப் போகுது?"

"பார்த்தது நானு."

"அப்ப உங்க பேரைக் கொடுங்க."

"கொடுத்தா, ஏன் அவ அக்கவுண்ட்ல பார்த்தேன்னு கேப்பாங்க. சொன்னா மூடிருவாங்க. அப்புறம் காலையில மெயில் வராது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே முடிவு பண்ணுங்கப்பா" என்றாள் ஜோஆன்.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. பார்க்காத பெட்டிக்கே கையெழுத்துப் போடாத மனிதர், தான் பார்த்ததற்குச் செத்துப்போனவளைக் கையெழுத்துப் போடச் சொல்வாரா? வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் எழுதினார். 'என் மனைவி சூசன் பிப்ரவரி மூன்றாம் தேதி இறந்துவிட்டாள். அந்தப் புள்ளியைப் பார்த்தது நான், கிரிகரி.' இரண்டே வரி. எழுதி முடிக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. அனுப்பியபிறகும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

சனிக்கிழமை காலை மின்னஞ்சல் வரவில்லை. விஷ்ணுப்ரியாதான் போனில் கூப்பிட்டார்.

"அங்கிள், ரொம்ப சாரி. ரூல் அப்படி, ஆன்டி அக்கவுண்டை மூடிட்டோம். பேப்பர்ல உங்க பேர் வரும். பிப்ரவரி மூணு வரைக்கும் ஆன்டி பார்த்த படம் எல்லாத்துக்கும் ரெக்கார்ட் இருக்கு, உங்களுக்கு வேணும்னு தோணுச்சு, அனுப்பியிருக்கேன். டைம் எல்லாம் நம்ம மலேசியா டைம்தான்."

பதினோராயிரத்துச் சொச்சம் வரி இருந்தது. கிரிகரி நேரே கடைசிக்குப் போனார். பிப்ரவரி மூன்று, பகல் 12.24 முதல் 12.41 வரை, பதினேழு படம். பதினேழுக்கும் 'கோளாறு' என்று குறித்திருந்தாள்.

மறுபடி படித்தார். அன்றைக்கு அவள் போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். இரண்டு தடவை கூப்பிட்டார், பதில் இல்லை. தூங்கட்டும் என்று 12.20க்குக் கீழே சாப்பிடப் போனார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அது அவளுக்கும் தெரியும். ஒரு மணிக்கு ஏறி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். "தூக்கத்திலேயே போயிட்டாங்க அங்கிள்" என்றாள் நர்ஸ். இத்தனை நாளும் அதைத்தான் நம்பியிருந்தார்.

அவர் கூப்பிட்டபோது அவள் தூங்கவில்லை. அவர் போய்ச் சாப்பிடட்டும் என்று கண்ணை மூடிக் கிடந்திருக்கிறாள்.

"அடிக் கள்ளி" என்றார் கிரிகரி. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி வாய்விட்டு அழுதார்.