பெண்சாதி இல்லையென்று எழுதிக்கொடுத்தவன்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகர நூலகத்தில் ஒரு பழைய தமிழ்த் தாளை வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிறார்கள் என்று டேனிஷ் வகுப்பில் சொன்னபோது கையை உயர்த்திய முட்டாள் நான்தான். எண்பத்தாறாம் ஆண்டு, கடும் பனி. அறையிலேயே கிடந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மனைவியின் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதில் நாலே வரி. “கோட்டையில இருந்து ஷெல் அடிக்கிறாங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடா ஓடுறன். எப்ப எங்களைக் கூப்பிடப் போறியள்? அங்க உங்களுக்கு ஒருத்தி இருக்கிறாளெண்டு சனம் கதைக்குது, உண்மையோ?”

ஒருத்தியும் இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்று இருந்தது. என் அகதி விண்ணப்பத்தில் நான் மணமாகாதவன். “தனியாள் எண்டு சொல்லு, கெதியா விசா தருவாங்கள்” என்று ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்திருந்தேன். கோயிலில் தாலி கட்டினோம், பதிவுக் கந்தோருக்குப் போகவில்லை, ஆகவே அது பொய்யே இல்லை என்று எனக்கு நானே வக்கீல் வேலையும் பார்த்தேன். விசா கிடைத்தது. இனி உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் அவளும் மகளும் வரவே முடியாது. ஏழு மாதமாக “அலுவல் பாக்கிறன்” என்று அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

நூலகர் என் வயதுக்காரர். டேனிஷ்காரர் தரங்கம்பாடியை ஆண்ட காலத்தில் அவருடைய முன்னோர் ஒருவர் அங்கே எழுத்தராக இருந்தாராம். அந்த முன்னோரின் பெட்டியில் கிடந்த தாள் அது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். களவுக் குற்றத்துக்காகக் கடல் கடந்து ஒரு தீவுக்கு அனுப்பப்பட்ட கைதியின் மனைவி, துரைக்கு எழுதுவித்த மனு.

“என் புருஷன் தனக்குப் பெண்சாதி இல்லையென்று எழுதிக்கொடுத்து, அத்தீவிலே வேறே கலியாணம் பண்ண உத்தரவு கேட்டிருக்கிறதாய் அறிந்தேன். அவன் என்னை அடித்தவன், என் நகையை விற்றவன். ஆனாலும் கோவிலிலே தாலி கட்டினதற்கு ஊர் சாட்சி. நான் சாகவில்லை. என்னையும் அத்தீவுக்கு அனுப்பவேணும், அல்லது நான் இருக்கிறேன் என்றாவது எழுதிக்கொள்ளவேணும்.”

எனக்குக் காது சுட்டது. நூலகர் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்.

“என்ன எழுதியிருக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வரி,” என்றேன். “மழை இல்லையாம். வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.”

அவர் அப்படியே எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிக் கோப்பி ஊற்றித் தந்தார். அதை வாங்கிக் குடித்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஸ் தரிப்பிடம்வரை போனேன். பஸ் வந்தது, கால் ஏறவில்லை. ஊரில் இருப்பவளை இல்லையென்று சொன்னது காணாதென்று, எப்போதோ செத்துப்போன ஒருத்தியையும் இல்லாமல் ஆக்கிவிட்டேனே! திரும்பிப்போய், பொய் சொன்னேன் என்று நூலகரிடம் ஒப்புக்கொண்டு, முழுவதையும் வாசித்துச் சொன்னேன். அவர் ‘வரி’யை வெட்டினார்.

“அவளை அனுப்பினார்களா?”

“தாளில் இல்லை.” பிறகு, வகுப்பில் படித்த அரைகுறை டேனிஷில், “எனக்கும் மனைவி இருக்கிறாள்,” என்றேன்.

மறுநாள் காலையில் அவர் என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். அகதிகளின் கோப்புகளைப் பார்க்கும் பெண் என் கோப்பைப் புரட்டினாள். “அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?” என்று கேட்டாள். “அன்று,” என்றேன். விசாவைப் பறித்தாலும் பறிப்பார்கள், எதற்கும் உறுதி தர முடியாது என்றாள். பிறகு ‘மணமாகாதவர்’ என்ற சொல்லைக் கோடிட்டு வெட்டி, பக்கத்தில் தேதி போட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு முறை தபால்காரன் வரும்போதும் உறையில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். விசாவைப் பறிக்கவில்லை. ஆனால் அவர்கள் வந்துசேர ஒரு வருடத்துக்கு மேலானது.

வந்த சில மாதங்களில் அவள் என்னைவிட நன்றாக டேனிஷ் வாசிக்கத் தொடங்கினாள். ஒருநாள் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தக் கோப்பின் பிரதி அவள் கையில் அகப்பட்டது. வெட்டிய சொல்லைப் பார்த்தாள். இரண்டு தேதிகளையும் பார்த்தாள்.

“அப்ப ஏழு மாசம் நான் உங்களுக்கு இல்லை.”

“பயத்தில சொல்லிப்போட்டன். திருப்பி அனுப்பிப்போடுவாங்களெண்டு…”

“ஓம். எனக்கும் பயம்தான்,” என்றாள், கோப்பை மூடி என் முன்னால் வைத்தபடி. “ஆமிக்காரன் வீட்டுக்குள்ள வந்து, துவக்கை நீட்டி, புருஷன் எங்கயெண்டு கேட்டவன். எனக்குப் புருஷனே இல்லையெண்டு சொல்லியிருந்தா விட்டிட்டுப் போயிருப்பான். நான் இருக்கிறாரெண்டுதான் சொன்னனான்.”