பின்சக்கரத்துக் கல்

கராடியில் இருக்கும் எங்கள் அலுவலக கேன்டீனில், உலகிலேயே சிறந்த கார் எது, மட்டமானது எது என்று சண்டை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சரிவில் நிறுத்திய என் புதுக் காரையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில், கோர்படி குவார்ட்டர்ஸில் அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் இதே சண்டைதான் போடுவார்கள்.

"ஓய், இருக்கதுலயே மட்டம் உம்ம வண்டிதான்" என்பார் மாமா.

"என் வண்டிக்கு என்னவே குறை?" என்று கேட்டபடி அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார். அவர் காரில் கை பிரேக் பிடிக்காது. கடக்வாஸ்லா அணைக்குப் போகும் வழியில் ஏற்றத்தில் வண்டி நின்றால், குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது என் வேலை. பெட்ரோல் வாடையோடு என் காலடியில் உருளும் அந்தக் கல்லைப் பற்றி நான் மூச்சுவிடக் கூடாது.

"உங்க ஓட்டு எதுக்கு மேடம்?" என்று கேன்டீன் மேஜையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"வந்து சொல்றேன்" என்று கீழே ஓடினேன். கார் அசையாமல்தான் நின்றது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தேன்.