கண்ணாடி ஏற்றிய சோதனை ஓட்டம்

அடுத்த மாதம் முதல் புகை விடும் சரக்கு வண்டி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னிடம் சொன்னபோது, பக்கத்தில் அவருடைய பெரிய டீசல் கார் ஏசிக்காக இன்ஜின் ஓடியபடி நின்றது. அது சரக்கு வண்டி இல்லை என்பதால் அதன் புகை கணக்கில் வராது. நான் தலையாட்டினேன். பொம்மசந்திரா தாண்டி இருக்கும் அந்த அடுக்குமாடி வளாகத்தில்தான் என் பாதிப் பிழைப்பு. பால்கனிக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து எனக்காகப் பாடுபட்டு உடைக்கும் ஜன்னல் கண்ணாடி. என் பழைய டீசல் வண்டிக்கு அந்த கேட் மூடினால் பொம்மனஹள்ளியில் என் கடையும் மூடவேண்டியதுதான்.

இப்படித்தான் விலை குறைந்த எலக்ட்ரிக் பிக்கப் ஒன்றைப் பார்க்கக் கிளம்பினேன். ஏழாவதோடு படிப்பை விட்டவன். ஷோரூமில் வாய் குழறிவிடும் என்று கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டேன். மழைத் தண்ணீரில் இறங்கினால் ஷாக் அடிக்குமா? கரண்ட் போனால் ஏறின சார்ஜ் இறங்கிவிடுமா? மேம்பாலத்து நடுவில் தீர்ந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது? நாலு பக்கம் ஆயிற்று. என் மனைவியிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

"வியாழக்கிழமை விவேக் நகர் கோயிலுக்கு இதுல போலாமா? பழைய வண்டில போய் இறங்குனா டீசல் நாத்தத்தோடதான் ஜெபம் பண்ண வேண்டியிருக்கு."

ஷோரூம் இளைஞர் தடித்த, பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அதில் வண்டி ஒரு மலை உச்சியில் நின்றது. பின்னால் இரண்டு சைக்கிள், ஒரு நாய். அந்த மலையில் யார் சரக்கு கேட்டார்களோ தெரியவில்லை.

"சில்க் போர்டு சிக்னல்ல மாட்டிக்கிட்டா சார்ஜ் தீர்ந்துடாதுங்களா?" என்றேன்.

"நின்னா செலவே இல்ல சார், ஓடினாத்தான். நம்ம ஊருக்குன்னே செஞ்ச வண்டி. ஏனும் தொந்தரே இல்ல, ஒரு தொந்தரவும் வராது."

"லோடு ஏத்தி ஓட்டிப் பாக்கணும்."

"மணல் மூட்டை இருக்கு, போட்டுக்கலாம் சார்."

"மூட்டை உடையாதுங்களே. கண்ணாடி ஏத்தணும்."

எப்படியும் அன்று அந்த வளாகத்துக்குப் போகவேண்டிய ஆறு கண்ணாடிகள் கடையில் இருந்தன. வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து, அவற்றை மரச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தி, அடியிலும் பக்கத்திலும் பழைய டயர் ட்யூப் துண்டுகளைச் செருகி, கயிறு போட்டு இறுக்கினேன். இருபது வருஷமாக இப்படித்தான் கட்டுகிறேன். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். மனைவி ஏறிவிட்டாள். மின்சார வண்டியின் பெருமையைச் சொன்ன இளைஞர் தன் பெட்ரோல் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

வண்டி ஓடுகிறதா என்பதை வெளியே மரங்கள் நகர்வதைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். சார்ஜ் போய்விடுமோ என்று ஏசியை அணைத்தேன். அவள் புத்தகத்தால் விசிறிக்கொண்டாள்.

"ஏங்க, பின்னால யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கு."

எனக்கும் கேட்டது. இறங்கிக் கயிற்றை இறுக்கினேன். மறுபடி கேட்டது, மறுபடி இறங்கினேன். நாலாவது முறை இளைஞர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"வண்டில ஒண்ணும் இல்ல சார். பின்னாடியே பாத்துட்டு வர்றேன், மேல் மூலைங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குது."

போய்ப் பார்த்தேன். இடித்துக்கொண்டுதான் இருந்தன. அடிக்கும் பக்கத்துக்கும் ரப்பர் வைத்த எனக்கு, கண்ணாடிக்கு மேல் மூலை என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. டீசல் இன்ஜின் இருபது வருஷம் என் தப்பைச் சத்தம் போட்டு மறைத்திருக்கிறது. மூலை பெயர்ந்த ஒவ்வொரு கண்ணாடிக்கும் நான் ரோட்டுக் குழிகளைத் திட்டினேன். வார்டு ஆபீஸில் மனுகூடக் கொடுத்தேன். குழிகள் யோக்கியம் இல்லைதான். ஆனால் இந்த ஒரு வழக்கில் அவை நிரபராதிகள்.

மனைவி இறங்கி வந்து, புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து, மடித்து, மேல் மூலைகளுக்கு நடுவே செருகினாள். மலையும் நாயும் உள்ளே போயின.

"மேடம், அது கஸ்டமர் காப்பி," என்றார் இளைஞர்.

"நாங்கதானே தம்பி கஸ்டமர்."

அதன்பின் பல் கடிக்கும் சத்தம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப உங்க முணுமுணுப்புதான் கேக்குது. தினமும் இப்படிப் பேசிக்கிட்டேதான் ஓட்டுறீங்களா?"

"பேசல. யோசிக்கிறேன்."

வளாகத்தில் செயலாளர் வண்டிக்கு அடியில் குனிந்து புகைக்குழாயைத் தேடினார். பிறகு வழக்கம்போல ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் நகத்தை ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒன்றாவது திரும்பி வரும். அன்று ஆறும் தேறின.

"பாத்தியாப்பா, எலக்ட்ரிக்னா எலக்ட்ரிக்தான். நான் சொன்னேன்ல? இனிமேலும் நீயே வந்து போடு."

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிமேலும் வரச் சொன்ன தைரியத்தில், திரும்பிப் போகக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன்.

"பேஸ்மென்ட்லயா? தீப்பிடிச்சிடும்னு குரூப்ல வீடியோ வந்திருக்குப்பா. வெளில எங்கயாவது போட்டுக்க."

அவருடைய கார் அப்போதும் உறுமிக்கொண்டிருந்தது. என் நாலு பக்கத்தில் எங்கே சார்ஜ் போடுவது என்ற கேள்வி மட்டும் இல்லை.

திரும்பும் வழியெல்லாம், பழைய வண்டியில் டீசல் முள்ளைப் பார்ப்பதுபோல, சார்ஜ் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சார்ஜ் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஷோரூமில் வண்டியை புக் செய்யும் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

"வேற டவுட் ஏதாவது சார்?"

நோட்டைப் புரட்டிப் பார்த்து மூடினேன்.

"அந்தப் புத்தகம் இன்னும் நாலு கொடுங்க. கெட்டி அட்டை போட்டது இருந்தா நல்லது."