இயந்திரக் கோளாறு

கனகரத்தினம் மன்னார் நகரத்து அரச கந்தோர் ஒன்றில் பிரதம லிகிதர். வயது ஐம்பத்தாறு. முருங்கன் பக்கத்து வயல் கிராமத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து தீவுக்கு வருவார். போர்க்காலத்தில் தானும் அகதி முகாமில் கிடந்தவர் என்பதால், மீளக்குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் விண்ணப்பங்களை எப்போதும் முன்னுக்கு எடுத்துப் பார்ப்பார். தன்னைப் பற்றி அவருக்கிருந்த நல்ல அபிப்பிராயத்தில் பாதி அதிலிருந்து வந்தது.

அதே கந்தோரில் உம்மு குல்சூம் அலுவலக உதவியாளர். கதவு திறப்பது, கூட்டுவது, கோவைகளை மேசைக்கு மேசை தூக்கிப் போவது அவருடைய வேலை. தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பதினைந்து வயதில் ஊரைவிட்டுப் புத்தளம் போய், அங்கே உப்பளத்தில் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார்.

போன வருடம் வாசலில் விரல் அடையாள இயந்திரம் பூட்டினார்கள். காலையும் மாலையும் எல்லோரும் அதில் விரல் வைக்க வேண்டும். மாத முடிவில் அது தரும் பட்டியலைச் சரிபார்ப்பது கனகரத்தினத்தின் பொறுப்பு. மூன்றாவது மாதமே உம்மு குல்சூமின் பெயருக்கு நேரே ஐந்து நாட்கள் வெறுமையாக இருந்தன. அவரைக் கூப்பிட்டார்.

“நான் வந்தனான் சேர். விரல் வச்சனான். சில நாளைக்கு அது எடுக்கேல்ல.”

“எங்களுக்கெல்லாம் எடுக்குது. உமக்கு மட்டும் ஏன் எடுக்காமல் விடுது?”

“உப்பளத்தில வேலை செய்த விரல் சேர், அது...”

“உப்பளக் கதையை விடும். பள்ளிக்கூடப் பிள்ளையளோட வீட்டில நிண்டனீரெண்டால் அதை நேரே சொல்லும். மெசின் பொய் சொல்லுமே?”

உம்மு குல்சூமுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை இல்லை. கடைசி மகளும் கல்யாணமாகி எருக்கலம்பிட்டியில் இருக்கிறாள். அதை அவர் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கனகரத்தினம் அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். விளக்கம் கோரிக் கடிதம் போனது. ‘நான் கடமைக்கு வந்தேன். விரல் பதியவில்லை’ என்று இரண்டே வரியில் பதில் வந்தது. ‘விளக்கம் திருப்தியற்றது’ என்று அதன் ஓரத்தில் எழுதினார். அடுத்தடுத்த மாதங்களில் வெறுமையான நாட்கள் பதினொன்றாகின. சில நாட்கள் சம்பளமற்ற லீவாகக் கழிக்கப்பட்டன, வருடாந்தச் சம்பள ஏற்றமும் பின்போடப்பட்டது.

வருட முடிவில் நிர்வாக உத்தியோகத்தர், எல்லோருடைய வரவு ஒழுங்கீனங்களையும் ஒரே தாளில் தொகுத்துத் தரச் சொன்னார். கனகரத்தினம் பழைய பட்டியல்களை விரித்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். கணக்காளருக்கு நான்கு நாட்கள் பதியவில்லை. பக்கத்தில் ‘இயந்திரக் கோளாறு’ என்றிருந்தது. திட்டமிடல் பிரிவு அனோஜனுக்கு ஆறு நாட்கள். அங்கும் ‘இயந்திரக் கோளாறு’. கனகரத்தினத்தின் சொந்தப் பெயருக்கு நேரே இரண்டு நாட்கள், அதே குறிப்புடன். உம்மு குல்சூமின் பெயருக்கு நேரே மட்டும் ‘வரவில்லை’, ‘வரவில்லை’, ‘வரவில்லை’. எல்லாம் கனகரத்தினத்தின் கையெழுத்து.

முதலில் மனம் ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தது. கணக்காளர் வந்ததை நான் கண்டேன், அதனால் எழுதினேன். அப்படியென்றால் இவரை நான் காணவில்லையா? பதினொரு திகதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது திகதியில் பேனை நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து குழு வந்த நாள் அது. எட்டு மணிக்கு முன்பே கூட்ட மண்டபத்தில் நின்றுகொண்டு, “கதிரை காணாதெண்டு நேற்றே சொன்னனானெல்லோ!” என்று உம்மு குல்சூமை எல்லோர் முன்னாலும் ஏசியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பெண் மாடிக்கும் கீழுக்குமாகப் பன்னிரண்டு கதிரைகள் தூக்கினார். அந்த நாளுக்கு நேரேதான் ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தார்.

கணக்காளரிடம் அவர் எதையும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றியதுகூட இல்லை. பட்டியலை மூடிவிட்டு, எதற்கென்று தெரியாமல் அலுமாரியைத் திறந்து கொஞ்ச நேரம் அதற்குள் பார்த்தபடி நின்றார்.

அப்படியிருந்தும் உம்மு குல்சூமை அழைத்துவந்து இயந்திரத்தில் விரல் வைக்கச் சொன்னார். மூன்று தரம் வைத்தார், சிவப்பு வெளிச்சம்தான் எரிந்தது. விரலைத் திருப்பிக் காட்டினார். நுனியில் ரேகை உப்பில் அநேகமாகத் தேய்ந்து, வழவழவென்றிருந்தது. மற்றவர்களிடம் கேட்காத அத்தாட்சியை இவரிடம் இப்போதும் கேட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

“பிழை நடந்துபோச்சு. குறை நினைக்காதேங்கோ. எல்லாத்தையும் திருத்தி விடுறன்.”

“அந்தக் கடிதங்கள் என்ட பைலில கிடக்குதானே சேர். இதையும் எழுத்தில தாங்கோ.”

அன்று பிற்பகலே கடிதத்தைத் தட்டச்சுச் செய்து கொடுத்தார். தொழில்நுட்பக் குறைபாடு காரணமாக வரவு பதியப்படாமை தெரியவந்துள்ளதால், எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் இரத்துச் செய்யப்படுகின்றன என்றிருந்தது. உம்மு குல்சூம் நின்றபடியே ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார்.

“இதில மெசின் பிழை விட்டது எண்டுதானே இருக்கு?”

“ஓம். மெசின்தானே விரலை எடுக்கேல்ல.”

“எனக்குக் கடிதம் எழுதினது மெசின் இல்லையே சேர்.”

குரல் உயரவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்குப் போகவேண்டிய கோவைகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது கடிதத்துக்கு மூன்று நாள் எடுத்தது. ‘தாங்கள் கடமையில் இருந்ததை நான் நேரில் கண்டிருந்தும், தங்களிடம் முறையாக விசாரிக்காமல், ஏனையோருக்கு வழங்கிய நம்பிக்கையைத் தங்களுக்கு வழங்காமல் விட்டேன்.’ நிர்வாக உத்தியோகத்தர் வாசித்துவிட்டு, “இப்பிடியெல்லாம் எழுத வேணுமோ? பென்ஷன் போற நேரத்தில உங்களுக்குத்தான் கரைச்சல்” என்றார். கனகரத்தினம் ஒப்பமிட்டார். பிற்பாடு சம்பள ஏற்றம் திரும்பக் கிடைத்தது. உம்மு குல்சூமுக்கு விரலுக்குப் பதிலாக ஒப்பமிட ஒரு புத்தகம் வைத்தார்கள். இதையெல்லாம் கனகரத்தினம் வீட்டில் சொல்லவில்லை. மனைவி சிவலட்சுமி, “ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்?” என்று கேட்டபோது வெயில் என்றார்.

அடுத்த மாத ஊழியர் கூட்டத்தில், மீனவர் ஊரான தாழ்வுபாட்டிலிருந்து வரும் சாரதி இரண்டு நாளாகக் காணவில்லை என்று கதை வந்தது. “கரையில எங்கேயும் குடிச்சுப்போட்டுப் படுத்திருப்பார்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கனகரத்தினமும் சிரித்தார். சிரிப்பு வாயில் இருக்கும்போதே, இங்கும் ஒருவரும் விசாரிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

“ஆரும் போன் எடுத்துக் கேட்டனீங்களே?” என்றார். பேச்சு வேறு விஷயத்துக்குப் போனது. மேசையைச் சுற்றித் தேநீர் வைத்துக்கொண்டிருந்த உம்மு குல்சூம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கனகரத்தினம் சிரித்ததையும் அவர் கேட்டிருப்பார்.